ஐந்து அத்தியாயத்துக்கும் ஒரே முனியம்மா

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். ரென்பை என்ற மென்பொருளில் காட்சி நாவல், அதாவது படமும் வசனமுமாக நகரும் கதை விளையாட்டு, ஒன்று செய்துகொண்டிருக்கிறாராம். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் முனியம்மா, அவள் மகள், மாமியார், வல்லம் ஓட்டும் செல்வம், பாசி வாங்கும் கீழக்கரை வியாபாரி என ஐந்து பேர், ஐந்து அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பழைய கோப்பிலிருந்து ஆட்களை வெட்டி ஒட்டியே வந்திருக்கிறார். மூன்றாவதை முடிக்கும்போது முனியம்மாவின் பெயருக்கு மூன்று நிறம், செல்வத்துக்கு இரண்டு உயரம். "ஒரு ஆளை ஒருதடவை செஞ்சு வச்சுட்டு எல்லா அத்தியாயத்துலயும் கூப்பிட்டுக்கிற மாதிரி பண்ண முடியாதாண்ணே?" என்பது கேள்வி.

முடியும் தம்பி. ரென்பை அதற்கென்றே செய்யப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். டாம் ராத்தமெல் 2004இல் வெளியிட்டது. காதலைக் குறிக்கும் 'ரென்னாய்' என்ற ஜப்பானியச் சொல்லோடு பைத்தான் என்ற நிரல்மொழியின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். நீங்கள் அதில் பாசி எடுக்கிறீர்கள், நல்லது. கீழே கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதுகிறேன், நிரலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாம் 'முனியம்மா' என்று ஒரே சொல்லில் சொல்வது ரென்பைக்கு மூன்று வெவ்வேறு பொருள். பேசுகிற முனியம்மா ஒன்று: பெயர், பெயரின் நிறம், எழுத்துரு. திரையில் நிற்கிற முனியம்மா இன்னொன்று: உடம்பு, சேலை, முகம். கதைக்குள் வாழ்கிற முனியம்மா மூன்றாவது: கடன் எவ்வளவு, மகள் மேல் கோபமா, பாசிக்குப் போனாளா இல்லையா. வெட்டி ஒட்டும்போது இந்த மூன்றும் ஒன்றாகச் சுருண்டு வருவதால்தான் சிக்கல். மூன்றையும் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு இடத்தில் எழுதிவிட்டால் அத்தியாயக் கோப்பில் வசனம் மட்டும்தான் இருக்கும்.

பேசுகிற ஆள் சுலபம். ஆட்களுக்கென்று தனிக் கோப்பு ஒன்று வைத்து, அதில் 'டிஃபைன்' போட்டு ஒவ்வொருவரையும் ஒரு 'கேரக்டர்' ஆக அறிவியுங்கள். எல்லாருக்கும் பொதுவான எழுத்துரு, நிழல் போன்றவற்றுக்குப் பெயரில்லாத ஒரு பொது ஆளைச் செய்து, மற்றவர்களை 'கைண்ட்' என்பதன் மூலம் அவரிடமிருந்து பிறக்க வையுங்கள். நாளைக்கு எழுத்துருவை மாற்ற நினைத்தால் ஒரு வரிதான் மாறும். ஒரு எச்சரிக்கை. ரென்பை கோப்புகளைப் பெயரின் அகரவரிசையில்தான் எடுத்துக்கொள்ளும். நான் ஒருமுறை பொது ஆளை வரிசையில் கடைசியாக வரும் பெயருள்ள கோப்பில் வைத்துவிட்டு, "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பிழையைப் பார்த்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிள்ளை இருக்கிறது, தகப்பன் இன்னும் பிறக்கவில்லை. பொது ஆளின் கோப்புத் தலையில் 'இனிட் ஆஃப்செட்' மைனஸ் 1 என்று கொடுத்தால் அது முந்திக்கொள்ளும்.

மாமியாருக்கு 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல் நினைவு வருகிற காட்சி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அப்போது சிறுமியாக இருந்த மாமியாரை எப்படி வைப்பது? உடம்பே வேறு, ஆகவே படம் வேறு. ஆனால் பேசுகிறவர் அதே ஆள். மாமியாரையே 'கைண்ட்' ஆகக் கொடுத்து இன்னொரு கேரக்டர் செய்து, படத்தின் பெயரை மட்டும் மாற்றுங்கள். நிறமும் எழுத்துருவும் கிழவியிடமிருந்து சிறுமிக்குத் தானே வந்துவிடும். அந்த நிறம் ஒன்றே வாசகருக்குப் பாதி கதையைச் சொல்லிவிடும்.

இனி படம். இங்கேதான் கூட்டல் கணக்குக்கும் பெருக்கல் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் கையைக் கடிக்கும். முனியம்மாவுக்கு மூன்று உடை வேண்டும்: வீட்டுச் சேலை, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட கடல் உடை, அதே உடை நனைந்தது. முகம் ஆறு. கை இரண்டு விதம், இடுப்பில் ஒன்று, வலைப்பையைப் பிடித்தபடி ஒன்று. நீச்சல் கண்ணாடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முழுப் படமாக வரைந்தால் 3 × 6 × 2 × 2, ஆக 72 படம். துண்டு துண்டாக வரைந்தால் உடம்பு 1, உடை 3, முகம் 6, கை 2, கண்ணாடி 1, மொத்தம் 13. வரைகிற தங்கைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று யோசித்தால் எது சரி என்பது விளங்கிவிடும்.

இந்தத் துண்டுகளைச் சேர்ப்பதற்கு 'லேயர்டு இமேஜ்' என்று ஒன்று இருக்கிறது. உடம்பு எப்போதும் இருக்கும், அதை 'ஆல்வேஸ்' என்பதன் கீழ் போடுங்கள். உடை, முகம், கை ஒவ்வொன்றும் ஒரு 'குரூப்'. ஒரு குரூப்பில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும், அதனால் இரண்டு சேலை ஒன்றன்மேல் ஒன்று வராது. ஒவ்வொரு குரூப்பிலும் ஒன்றை 'டீஃபால்ட்' என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் முனியம்மா முகமில்லாமல் வந்து நிற்பாள். கண்ணாடியைக் குரூப்புக்கு வெளியே தனியாக வையுங்கள். வீட்டுச் சேலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு சோறாக்கக் கூடாது என்பதற்கு 'இஃப் எனி' என்ற நிபந்தனை உண்டு. கடல் உடையோ நனைந்த உடையோ இருந்தால் மட்டும் கண்ணாடியைக் காட்டு என்று சொல்லிவிடலாம்.

குரூப்புக்கு 'ஆட்டோ' கொடுத்தால் கோப்புப் பெயரை வைத்தே ரென்பை துண்டுகளைக் கண்டுபிடித்துக்கொள்ளும்: ஆள் பெயர், அடிக்கோடு, குரூப் பெயர், அடிக்கோடு, வகை. புது முகம் ஒன்று வரைந்தால் கோப்பைப் போட்டால் போதும், நிரலைத் தொடவே வேண்டாம். கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். ஆள் பெயர் கோப்புப் பெயரிலேயே இருக்க வேண்டும், கோப்புறையை நம்பாதீர்கள். படங்கள் கோப்புறைக்குள் முனியம்மாவுக்கு ஒன்று, செல்வத்துக்கு ஒன்று என உள்கோப்புறை போட்டு, இரண்டிலும் வெறுமனே 'சிரிப்பு' என்று ஒரு படம் வைத்தால், ரென்பை கோப்புறைப் பெயரைக் கணக்கில் எடுக்காது. இரண்டு சிரிப்பும் மோதும். முனியம்மா வாயில் செல்வத்தின் மீசையோடு நிற்பாள்.

எல்லாத் துண்டையும் ஒரே அளவு வெற்றுத்தாளில் வரையச் சொல்லுங்கள். கண்ணாடி கைப்பிடி அளவுதான் என்றாலும் உடம்பு வரைந்த அதே அளவுத் தாள், மீதி இடம் ஒளிபுகும் வெற்றிடம். அப்போதுதான் மூக்குத்தி மூக்கில் இருக்கும். நினைவகத்தை அடைத்துக்கொள்ளுமே என்று பயப்பட வேண்டாம், வெற்று ஓரங்களை விட்டுவிட்டு ஓவியம் உள்ள பகுதியை மட்டும்தான் ரென்பை ஏற்றும். ஐந்து பேரையும் ஒரே அளவுகோலில் வரைய வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மகள் முனியம்மாவின் தோளுக்கு வருவாள் என்றால் தாளிலேயே தோளுக்கு வரட்டும். நிரலில் பெரிதாக்கிச் சிறிதாக்கிச் சரிசெய்யப் போனால்தான் உங்கள் செல்வத்துக்கு வந்த மாதிரி இரண்டு உயரம் வரும்.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஒரு யோசனை கிடைக்கும்: ஆள் இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போடு, ஒரு வரி வேலை. கால்சட்டை பனியன் போட்ட பள்ளிக்கூடப் பையனுக்கு அது சரி. முனியம்மாவைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறும். செல்வத்தின் சட்டைப் பையும் வலதுக்கு வரும். நம் ஊர்க்காரர் யாரிடம் காட்டினாலும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், "ஏதோ ஒரு மாதிரி இருக்கே" என்பார்கள். சேலை கட்டியவர்களுக்கு இரண்டு பக்கமும் தனியாக வரையுங்கள், இல்லை எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து இடத்தை மட்டும் மாற்றுங்கள். என் கட்சி இரண்டாவது.

துண்டு முறையில் இன்னொரு சுகம், முகத்தை வசனத்தோடு சேர்த்தே சொல்லலாம். கேரக்டரை அறிவிக்கும்போது 'இமேஜ்' என்று படத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால், நிரலில் ஆளுக்கு வைத்த சுருக்கப் பெயரை அடுத்து முகத்தின் பெயரை எழுதி வசனம் போட்டால் முகம் மாறிவிடும். உடை அப்படியே இருக்கும். அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் கோபப்பட்டுவிட்டுப் பழைய முகத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால், நடுவே மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழிக் குறியைப் போடுங்கள். ஆள் முதலில் 'ஷோ' மூலம் திரைக்கு வந்திருக்க வேண்டும். வராத ஆளின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தால் திரையில் யாரும் வரமாட்டார்கள், பிழையும் காட்டாது.

இந்தச் சுகத்துக்குள் ஒரு முள் உண்டு. 'சீன்' என்று புதுக் காட்சி போட்டாலோ 'ஹைடு' என்று ஆளை அனுப்பினாலோ, உடை முகம் எல்லாவற்றையும் ரென்பை மறந்துவிடும். குருசடைத் தீவு ஓரம் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள் அடுத்த காட்சியில் வல்லத்தில் காய்ந்த வீட்டுச் சேலையோடு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு ஆள் முதல்முறை வரும்போது உடையை முழுசாகச் சொல்லிவிடுங்கள். வெளிச்சத்துக்கும் தனிப் படம் வேண்டாம். விடியலுக்கு ஒன்று, உச்சி வெயிலுக்கு ஒன்று, அரிக்கேன் விளக்குக்கு ஒன்று என மூன்று 'டிரான்ஸ்ஃபார்ம்' எழுதி, அதில் நிறச்சாயம் மட்டும் ஏற்றினால் ஐந்து பேருக்கும் அதையே போர்த்தலாம்.

சரி, இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இடம். இதை எந்தப் பாடத்திலும் பார்க்க முடியாது, ஏனென்றால் பாடம் எழுதுகிறவர்கள் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரே பெயர்.

நம் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு பெயரா? முனியம்மா மகளுக்கு அம்மா. கொழுந்தன் செல்வத்துக்கு மதினி. கூடப் பாசிக்கு வரும் பெண்களுக்கு முனியம்மாக்கா. மாமியார் கூப்பிடுவது "ஏத்தா". கீழக்கரை வியாபாரி "தங்கச்சி" என்பார். அந்த வியாபாரியே அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு வாப்பா, தம்பிக்குக் காக்கா. உங்கள் கதையில் இரண்டாம் அத்தியாயம் மகளின் பார்வை, நான்காம் அத்தியாயம் கொழுந்தனின் பார்வை. இரண்டிலும் பெயர்ப் பெட்டியில் 'முனியம்மா' என்றே வந்தால் யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது போய்விடும். மகளின் அத்தியாயத்தில் 'அம்மா' என்று வர வேண்டும்.

இதற்காக ஐந்து முனியம்மா செய்துவிடாதீர்கள், மறுபடி பழைய கதைதான். கேரக்டரில் 'டைனமிக்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பைத்தான் கணக்கைக் கொடுக்கலாம். ஒவ்வொரு வசனத்துக்கு முன்னும் அதைப் போட்டுப் பார்த்து வருகிற விடையைப் பெயராகக் காட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு அட்டவணை. கிடை வரிசையில் ஆட்கள், நெடு வரிசையில் பார்ப்பவர், கட்டத்துக்குள் அழைக்கும் சொல். 'இப்போது யார் கண்' என்பதற்கு ஒரு மாறி, அதாவது மதிப்பை மாற்றி மாற்றி வைக்கக்கூடிய ஒரு பெயர். அத்தியாயத்தின் முதல் வரியில் அந்த மாறியை மகள் என்று வைத்தால், அந்த அத்தியாயம் முழுக்க முனியம்மா அம்மாவாகிவிடுவாள், கிழவி அப்பத்தாவாகிவிடுவாள். அட்டவணையில் இல்லாதவர் பார்த்தால் சொந்தப் பெயர்.

பெயர்ப் பெட்டி அதோடு முடிந்தது. வசனத்துக்குள் வரும் பெயர்தான் இன்னும் மோசம். ரென்பையில் சதுர அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயரைப் போட்டால் அதன் மதிப்பு வசனத்தில் வந்து விழும். ஆங்கிலத்தில் பெயரை எங்கே செருகினாலும் நிற்கும். தமிழில் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்ட வேண்டும், ஒட்டும்போது பெயரே நெளியும். அடைப்புக்குறிக்குப் பின்னால் 'க்கு' என்று எழுதினால் மதினிக்கு என்பது சரியாக வரும். அம்மாவுக்கு என்பது 'அம்மாக்கு' ஆகும், பேச்சில் சொல்வதுதான் என்று விட்டுவிடலாம். செல்வம் 'செல்வம்க்கு' ஆவார். 'ஐ' ஒட்டினால் எதுவுமே தேறாது.

சந்தி விதிகளைப் பைத்தானில் எழுதிவிடலாம் என்று எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. வேண்டாம் தம்பி. ஐந்து ஆள், ஆளுக்கு நாலைந்து அழைப்புச் சொல், இருபத்தைந்து சொற்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வடிவத்தைக் கையால் எழுதி வையுங்கள்: செல்வம், செல்வத்தை, செல்வத்துக்கு, செல்வத்தோட, கூப்பிடும்போது செல்வம். அம்மா, அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவோட, கூப்பிடும்போது எம்மா. கூப்பிடும் வடிவத்தைத் தனியாக வைப்பது முக்கியம். மாமியார் மருமகளைக் கூப்பிடும் "ஏத்தா" எழுவாயாக எங்கேயும் வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் பைத்தானில் ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) செய்து, இந்த ஐந்தையும் அதற்குள் ஐந்து புலமாக, அதாவது பெயரிட்ட ஐந்து பெட்டியாக, வைத்துவிட்டால், வசனத்தில் அடைப்புக்குறிக்குள் ஆள் பெயர், புள்ளி, வடிவத்தின் பெயர் என்று எழுதலாம். ஒரு மத்தியான வேலை, ஐந்து அத்தியாயத்துக்கும் தாங்கும்.

வினைமுற்றையும் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். மகள் சொன்னால் "அம்மா வந்தாங்க", மாமியார் சொன்னால் "வந்தா", எழுத்தாளர் சொன்னால் "வந்தாள்". விகுதியை மட்டும் மாறியில் வைத்து ஒட்ட முடியும்தான். ஆனால் அப்படி எழுதிய வசனத்தை ஒரு மாதம் கழித்து நீங்களே வாசிக்க முடியாது. மரியாதை மாறுகிற இடத்தில் வசனத்தையே இரண்டாக எழுதிவிடுவதுதான் நல்லது. மரியாதை மாறும்போது பெரும்பாலும் வாக்கியத்தின் போக்கே மாறிவிடும்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரென்பையோடு வரும் இயல்பான எழுத்துருவில் தமிழ் கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை விளையாட்டுக் கோப்புறைக்குள் போட்டு, வசனம், பெயர், பொத்தான்கள் மூன்றுக்குமான எழுத்துரு அமைப்பிலும் அதைக் கொடுங்கள். பெயருக்குக் கொடுக்க மறப்பவர்கள்தான் அதிகம். அப்புறம், 8.1க்கு முந்தைய பழைய பதிப்பில் வேலை செய்யாதீர்கள். 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்கிற வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் அந்தப் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் 'செல்வம்' என்று அடித்தால் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும்.

மூன்றாவது, வாழ்கிற முனியம்மா. இதற்கு 'டிஃபைன்' கூடாது, 'டீஃபால்ட்' வேண்டும் (குரூப்பில் சொன்னது அல்ல, அதே பெயருள்ள தனிக் கட்டளை). டிஃபைன் செய்தது சேமிப்பில் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் நிறம் மாதிரி மாறாதவற்றுக்குத்தான் அது. கடன், கோபம், தெரிந்த ரகசியம் எல்லாம் டீஃபால்ட். 'ஆள்' என்று ஒரே ஒரு பைத்தான் வகுப்பு, அதாவது பொருளை வார்க்கும் அச்சு, எழுதி, அதிலிருந்து ஐந்து பொருள் உருவாக்கி வைத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புலங்கள் இருக்கும்.

நீங்கள் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடுவதால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. முதல் அத்தியாயத்தை ஒருவர் விளையாடிச் சேமித்து வைத்திருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் வகுப்பில் 'தடைக்காலக் கடன்' என்று புதுப் புலம் சேர்க்கிறீர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத அந்த 61 நாளில் செல்வத்தின் அண்ணன் வாங்கிய கடன். பழைய சேமிப்பைத் திறந்தால் அதிலிருக்கும் ஆளுக்கு அந்தப் புலமே கிடையாது, ஏனென்றால் அவர் பழைய வகுப்பில் பிறந்து உறைந்து கிடந்தவர். விளையாட்டு நின்றுவிடும். தனியாக டீஃபால்ட் செய்த புது மாறிக்கு இந்தச் சிக்கல் இல்லை, ரென்பை பழைய சேமிப்பிலும் அதைச் சேர்த்துவிடும். பொருளுக்குள் இருக்கும் புலத்துக்குத்தான் சேர்க்காது. வழி எளிது: புதுப் புலத்தின் தொடக்க மதிப்பை, ஆள் பிறக்கும் இடத்தில் மட்டும் எழுதாமல் வகுப்பின் உடம்பிலேயே எழுதிவிடுங்கள். ஆளிடம் இல்லையென்றால் பைத்தான் வகுப்பில் போய்த் தேடி எடுத்துக்கொள்ளும். பட்டியல் போன்றவற்றை மட்டும் அப்படி வகுப்பில் வைக்காதீர்கள், ஐந்து பேரும் ஒரே பட்டியலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

வேறு மென்பொருளுக்கு மாறலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். டைரனோபில்டரில் நிரல் எழுதாமல் ஆட்களைப் பதிவுசெய்து வைத்து இழுத்துப் போடலாம், விளையாட்டு செய்யும் யூனிட்டி மென்பொருள் தெரிந்தவர்களுக்கு நானிநாவல் இருக்கிறது. இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை, ரென்பை இலவசம். மூன்று அத்தியாயம் எழுதியபின் மாறுவது வீண் வேலை.

உடனே செய்ய வேண்டியது: நான்காம் அத்தியாயத்தை அப்படியே நிறுத்திவிட்டு, முனியம்மா ஒருத்தியை மட்டும் இந்த முறைக்கு மாற்றுங்கள். பிறகு 'ஒத்திகை' என்று விளையாடுபவர் கண்ணில் படாத ஒரு காட்சி எழுதுங்கள். அதில் அவள் மூன்று உடையிலும் வந்து ஆறு முகத்தையும் காட்டி, ஐந்து பேர் பார்வையிலும் ஐந்து வடிவத்திலும் தன் பெயரை ஒருமுறை சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் ஓடி முடியும். அத்தியாயம் வெளியிடும் முன் ஒவ்வொரு முறையும் அதை ஓட்டிப் பாருங்கள். என் ஒத்திகையில்தான், வியாபாரியின் பார்வையில் மாமியாரும் 'தங்கச்சி' என்று வந்து நின்றது தெரிந்தது. அவரைவிட இருபது வயது மூத்த கிழவி.